திறந்த டப்பாவைத் திருப்பி எடுப்பதில்லை

நாசரேத்து
9-1-1976

அன்புள்ள சௌந்தரி,

கர்த்தருடைய கிருபையால் நானும் எங்கள் வீட்டுச் சாரும் சுகம். என் இடது கால் மட்டும் கிருபைக்கு வெளியே நிற்கிறது. சாயங்காலமானால் செருப்புக்குள் நுழைய மாட்டேன் என்கிறது.

உன் தபால் நேற்று வந்தது. ஐந்தாவது ஆளும் சேர்ந்துவிட்டாள் என்று படித்த சந்தோஷத்தில் அடுப்பில் இருந்த பாலை மறந்துவிட்டேன். பொங்கி வழிந்தது. "சோப்புத்தூள் விக்கிற வீட்டுல பாலும் நுரைக்குது" என்று சார் கிண்டல் பண்ணினார். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விரட்டியவர், இப்போது விரட்ட நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

அலமாரிக் கதவின் உள்பக்கம் கம்பெனி சார்ட் ஒட்டியிருக்கிறேன் அல்லவா, அதில் உன் கட்டத்துக்குக் கீழே கடைசிக் கட்டத்தில் "பிளாரன்ஸ் ரோச்" என்று மையால் எழுதினேன். இனி நீ ஏஜெண்ட் இல்லை, சூப்பர்வைசர். தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன், உன் ஆட்களுக்கு நீ இதைத்தான் சொல்ல வேண்டும். வெண்முத்து சோப்புத்தூளை வீடு வீடாக விற்கிறவள் ஏஜெண்ட். கீழே ஐந்து ஏஜெண்ட் சேர்த்தவள் சூப்பர்வைசர். கீழே ஐந்து சூப்பர்வைசர் நின்றால் ஆர்கனைசர். கீழே உள்ளவள் விற்றால் மேலே உள்ளவளுக்கு ஒரு பங்கு. புதிதாகச் சேருகிறவள் இருபத்துநான்கு டப்பா கொண்ட ஒரு பெட்டியைத் தன் பணத்தில் எடுக்க வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகலாம், அதற்கு என் கையெழுத்து வேண்டும். திறந்த டப்பாவைக் கம்பெனி திருப்பி எடுக்காது.

உன்னோடு எனக்கு ஐந்து சூப்பர்வைசர் ஆகிவிட்டது. ஜூன் முப்பது வரை ஒருத்தியும் குறையாமல் நின்றால் நான் ஆர்கனைசர். அதற்கு மாதச் சம்பளம் உண்டு சௌந்தரி. இந்தக் காலை இழுத்துக்கொண்டு பிரகாசபுரத்திலும் மூக்குப்பீரியிலும் படியேறி இறங்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து சார்ட் எழுதினால் போதும். நாற்பத்தெட்டு வயதில் அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை.

உனக்குக் கீழே ஒருத்தி விலகினால் நீ சூப்பர்வைசர் இல்லை. நீ இல்லை என்றால் நான் ஆர்கனைசர் இல்லை. ஆகையால் ஐந்து பேரையும் கண்போலப் பார்த்துக்கொள். இவ்வளவு சீக்கிரம் ஐந்து பேரை எப்படிப் பிடித்தாய் என்று எழுது, மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

அன்புடன்,
இன்பமணி தேவபிரசாதம்

*

திரேஸ்புரம், தூத்துக்குடி
17-1-1976

இன்பமணி அக்காவுக்கு,

மாதா புண்ணியத்தில் இங்கே நானும் டப்பாக்களும் நலம். இவர் தோணியில் கொச்சிக்குப் போயிருக்கிறார். இவர் கால் நீட்டிப் படுக்கும் இடத்தில் இப்போது வெண்முத்துப் பெட்டிதான் படுத்திருக்கிறது.

ஆட்களை எப்படிப் பிடித்தாய் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எங்கே பிடித்தேன்? ஐந்து பேரும் ஞானஸ்நான உறவு. இரண்டு பேர் பிள்ளைகளுக்கு நான் ஞானத்தாய், மற்ற மூன்று பேரும் அந்த வழியில் கொண்டும் கொடுத்தும் வந்தவர்கள். எங்கள் கடற்கரையில் ஞானத்தாய் என்றால் கோயிலில் பேரைச் சொல்லிவிட்டு விருந்து சாப்பிட்டுப் போகிறவள் இல்லை. பெற்றவளுக்கு அடுத்தவள். அவள் வாசலில் வந்து ஒன்று கேட்டால் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள்.

பிளாரன்ஸும் அப்படித்தான். தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கக்கூட இல்லை. "நீங்க சொன்னா சரி மதினி" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அவள் மகள் ரோஸ் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளை ஆஸ்பத்திரியில் தங்காமல் போனபோது பக்கத்துக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவர் நீங்கள்தானே, உங்களுக்குத் தெரியாததா? வெறும் கையோடு வீடு வந்து நாற்பதாம் நாள், பிளாரன்ஸ் தன் பச்சைப்பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "ஞானஸ்நானத்துக்கு இவள நீங்கதான் தூக்கணும்" என்றாள். அன்றைக்குத்தான் நான் மறுபடி சோறு தின்றேன். அப்புறம் எனக்கு வேறு பிள்ளை இல்லை. அந்த ரோஸ் வருகிற மே பதினாறாம் தேதி புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை வாங்குகிறாள். வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்து, போட்டுவிட்டு, கையைப் பிடித்துப் பீடம்வரை கூட்டிப்போவது ஞானத்தாய். எட்டு வருஷமாக அந்த ஒரு நாளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் அக்கா, ஜூன் முப்பதை இல்லை.

ஒரு குறை. தூள் இங்கே நுரைக்கவில்லை. உங்கள் கிணற்றுத் தண்ணீர் இனிப்பு, எங்களுடையது உப்பு. எட்டுப் பெண்களை உட்காரவைத்துத் துவைத்துக் காட்டினேன். பிளாரன்ஸ் வீட்டுக்காரர் ரோச் புது ஹார்பரில் நிலக்கரி இறக்குகிறார், அவர் சட்டையைத்தான் வாங்கி முக்கினேன். தண்ணீர் கறுத்தது, சட்டையும் கறுத்தபடியே வந்தது. ஒருத்தி, "தூள் நல்லாத்தான் இருக்கு, துணிதான் சரியில்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஞானசௌந்தரி

*

நாசரேத்து
26-1-1976

அன்புள்ள சௌந்தரி,

குழாயில் குடிக்க வருகிற நல்ல தண்ணீரை இரண்டு குடம் பிடித்து வைத்துக்கொண்டு துவைத்துக் காட்டு. உப்புத் தண்ணீரைப் பற்றி அவர்களாகக் கேட்டால் பேசு, நீயாக வாயைத் திறக்காதே. கரிச்சட்டையை ஏன் எடுத்தாய்? தலையணை உறை எடு.

ஞானஸ்நானக் கதையைப் படித்து அசந்துபோனேன். மதராசில் எங்களுக்கு மூன்று நாள் வகுப்பு எடுத்தார் ராஜதுரை என்று ஒரு கம்பெனி இன்ஸ்பெக்டர். முதல் நாளே ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "தெரியாதவங்ககிட்டப் போய் நிக்காதீங்கம்மா. ஒங்களுக்கு மாட்டேன்னு சொல்ல முடியாதவங்க பத்துப் பேரை எழுதுங்க. அதான் ஒங்க டீம்" என்றார். நான் ஊருக்கு வந்து மாதர் சங்கத்து வருகைப் பதிவை அப்படியே எடுத்துக்கொண்டேன். நீ யாரும் சொல்லித் தராமலே ஞானஸ்நானப் பதிவை எடுத்திருக்கிறாய். கெட்டிக்காரி.

அந்தத் தாளில் முதல் பேராக யாரை எழுதினேன் தெரியுமா? உன்னைத்தான்.

காலில் எண்ணெய் தேய்த்துத் துணி சுற்றியிருக்கிறேன். இன்றைக்குப் பன்னிரண்டு வீடு. ஒரு டப்பா.

இன்பமணி

*

திரேஸ்புரம்
6-3-1976

இன்பமணி அக்காவுக்கு,

இத்தனை நாளாக எழுதாததற்குக் கோபிக்காதீர்கள். எழுத நல்லதாக ஒன்றும் இல்லை.

நல்ல தண்ணீரில் துவைத்துக் காட்டினேன். நுரைத்தது, வெளுத்தது, கொஞ்சம் விற்றது. வாங்கிப் போனவர்கள் தங்கள் வீட்டு உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு என் வாசலில் வந்து நின்றார்கள். குடிக்கிற தண்ணீருக்கே இங்கே குடத்துக்கு அடிதடி. அதில் யார் துணி துவைப்பார்கள்?

இப்போது தெருவில் நான் வந்தால் பெண்கள் வீட்டுக்குள் போகிறார்கள். மீன் வாங்கப் போனால்கூட, "அக்கா, இன்னைக்கு வேண்டாம்க்கா" என்கிறாள் மீன்காரி. நான் எதையும் விற்கப் போகவில்லை, காசை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். சிரிப்பதா அழுவதா?

ஐந்து பேரில் நாலு பேர் ஏதோ சமாளிக்கிறார்கள். பிளாரன்ஸால் முடியவில்லை. போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில் பெட்டி அப்படியே இருக்கிறது. அவளுக்கு அடுத்த வீட்டில் போய் ஒரு பொருளை விற்க வாய் வராது, அது எனக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்துதான் கேட்டேன், ஐந்து ஆக வேண்டுமே. அவள் தன் கம்மலை அடகு வைத்துப் பெட்டி எடுத்திருக்கிறாள், அது எனக்குத் தெரியாது. ரோச் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனார். பிளாரன்ஸ் காப்பி கொடுத்தாள். எட்டு வருஷத்தில் அவள் எனக்கு டம்ளரைக் கழுவிவிட்டுக் காப்பி கொடுத்தது அன்றைக்குத்தான், விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி.

வெள்ளைச் சட்டைக்குத் துணி எடுக்க ரோஸைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகலாமா என்று கேட்டேன். "நாங்களே எடுத்துட்டோம் மதினி" என்றாள். குனிந்துகொண்டே சொன்னாள். புதுநன்மை அன்றைக்கு ரோஸைக் கூட்டிப்போவது யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெளியே வந்தபோது ரோச்சின் அக்கா அல்போன்சாவே சொல்லிவிட்டாள். "நான்தாம் கூட்டிட்டுப் போறேன். ஒனக்கு ஏவாரம் இருக்கும்லா" என்றாள்.

அக்கா, பிளாரன்ஸை விலக்கிவிடுகிறேன். டப்பாக்கள் எல்லாம் போய், கம்மலும் திரும்பி வந்தால் ஒருவேளை அவர்கள் மனசு மாறும். ஃபாரத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன்.

ஞானசௌந்தரி

*

நாசரேத்து
12-3-1976

சௌந்தரி,

ஃபாரத்தைப் பார்த்தேன். கையெழுத்துப் போடவில்லை.

மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறேன், முப்பது வருஷம் இல்லை. ஜூலை முதல் தேதி நானே பஸ் ஏறி வந்து பிளாரன்ஸ் வீட்டுப் பெட்டியைத் தூக்கிவிடுகிறேன், நானே கம்மலை மீட்டுத் தருகிறேன். இப்போது அவள் பேரை அடித்தால் உன் கட்டம் போகும். உன் கட்டம் போனால் என் இடம் போகும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க எனக்குக் கால் இல்லை. நேற்று ஆலயத்தில் முழங்காலில் நின்றவள் எழுந்திருக்க முடியாமல், ஜெபம் முடிந்த பிறகும் ஜெபிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்தவள் நான் பக்தியில் மூழ்கிவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

ஒரு சின்னப் பிள்ளையின் சட்டைத் துணி விஷயம் இது. உனக்கு வருத்தம் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோயிலில் யார் கையைப் பிடித்தால் என்ன, நன்மை வாங்கப்போவது பிள்ளைதானே? எங்கள் சபையில் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம்.

உனக்காக நான் செய்ததை நினைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வா. அதற்கு மேல் நான் எழுதக்கூடாது.

இன்பமணி

*

திரேஸ்புரம்
16-3-1976

அக்காவுக்கு,

நினைத்துப் பார்த்தேன். என் பிள்ளையைக் கொண்டுபோய்ப் புதைத்த நாளில் நீங்கள் கட்டுப்போட்ட காலோடு கட்டிலை விட்டு இறங்கி, விடியும்வரை என் தலையை மடியில் வைத்திருந்தீர்கள். இந்த வியாபாரத்துக்கு வா என்று நீங்கள் கேட்டபோது எனக்கு அந்த மடிதான் ஞாபகம் வந்தது. சோப்புத்தூள் வரவில்லை.

நான் கேட்டபோது பிளாரன்ஸுக்கும் அப்படி ஏதாவது ஞாபகம் வந்திருக்கும். அதனால்தான் குடத்தை இறக்காமலே சரி என்றாள். உங்கள் தாளில் முதல் பேர் நான் என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது, உங்கள் மேலும்தான்.

நீங்கள் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதனால் ஜூன் முப்பது வரை என் பேர் உங்கள் சார்ட்டில் இருக்கும். ஆனால் இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

ஞானசௌந்தரி

*

நாசரேத்து
22-4-1976

அன்புள்ள சௌந்தரி,

எழுதவேண்டாம் என்றாய். ஐந்து வாரம் எழுதாமல் இருந்தேன். இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

ஈஸ்டர் அன்று ஆராதனை முடிந்து மாதர் சங்கத்து விருந்து. பாயில் உட்கார்ந்தேன். என் இரண்டு பக்கமும் இடம் காலி. எனக்குப் பரிமாறினார்கள், மரியாதையாகத்தான் பரிமாறினார்கள், பக்கத்தில்தான் யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நான் பையைத் திறந்துவிடுவேன் என்ற பயம். இருபத்தாறு வருஷமாக இந்தச் சங்கத்தில் இருக்கிறேன். இதில் பாதிப்பேர் பிரசவத்துக்கு நான் கூடப் போனவள். பாதிச் சோற்றோடு இலையை மூடினேன்.

என்னைச் சேர்த்துவிட்ட ஐயரம்மா ஜீவமணி, எங்கள் பாதிரியாரின் மனைவி, எதிரே உட்கார்ந்திருந்தாள். கை கழுவப் போன இடத்தில் கேட்டேன், "நீங்க எப்படி இதுல சேந்தீங்க?" என்று. ஐயரம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ஐயருக்கு மாற்றல் வராம பாத்துக்கிட்டவரோட தங்கச்சி கேட்டாளே இன்பமணி, எப்பிடி மாட்டேங்க?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளும் களைத்துத்தான் போயிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சார்ட்டின் முன்னால் உட்கார்ந்தேன். முப்பத்தொரு கட்டம். என் பேரிலிருந்து கீழே ஒவ்வொரு பேராக விரலை வைத்துப் பார்த்தேன், தானாக ஆசைப்பட்டு வந்தவள் ஒருத்தியாவது இருக்கிறாளா என்று. ஒருத்திகூட இல்லை. யாரோ ஒருத்திக்கு மாட்டேன் என்று சொல்ல முடியாமல் வந்த முப்பத்தொரு பேர். சார் பின்னால் வந்து நின்றார். "என்ன ஏளா, பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி பாக்குற" என்றார். "எல்லாரும் பெயில்" என்றேன். அதற்கு அவர் கிண்டல் பண்ணவில்லை. கீழே உட்கார்ந்து என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டார்.

சின்னப் பிள்ளையின் சட்டைத் துணி என்று எழுதினேன். அதை எழுதிய கையை அப்போதே உடைத்திருக்க வேண்டும். உன் பிள்ளை போன அன்று உன் முகத்தைப் பார்த்தவள் நான், அப்படியும் எழுதிவிட்டேன். தப்பு சௌந்தரி, பெரிய தப்பு.

அன்றைக்கு உன்னை மடியில் வைத்திருந்தது எதையும் திரும்பக் கேட்பதற்காக இல்லை. பிறகு கேட்டுவிட்டேன்.

ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். தூத்துக்குடி லாரி ஆபீசில் டப்பாக்களையும் இதையும் கொடுத்தால் மதராசுக்குப் போய்விடும், பணம் பிளாரன்ஸ் பேருக்கே வரும். வருகிறவரை காத்திருக்க வேண்டாம். கம்மலை மீட்க நான் மணியார்டர் அனுப்புகிறேன், கம்பெனிப் பணம் வந்ததும் எனக்குத் தரச்சொல். என்னைப் பற்றி யோசிக்காதே. பிரகாசபுரம் அங்கேயேதான் இருக்கிறது, நடந்துகொள்கிறேன்.

இன்பமணி

*

திரேஸ்புரம்
15-5-1976, சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். இன்றைக்குத்தான் எழுத வருகிறது.

உங்கள் மணியார்டர் வந்த அன்றே கம்மலை மீட்டுக் கொடுத்தேன். பிளாரன்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து என் முன்னால் வைத்தாள். எண்ணினேன், இருபத்துமூன்று இருந்தது. இன்னொன்று எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ரோச்தான் தோளில் தூக்கிக்கொண்டு லாரி ஆபீசுக்கு வந்தார். வழியெல்லாம் பேச்சில்லை. ரசீதை என்னிடம் கொடுக்கும்போது, "வெயில்ல நிக்காதீங்க, வீட்டுக்குப் போங்க" என்றார். அதையே பெரிதாக நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் ஒரு தகவலும் இல்லை. ரோஸ் புதுநன்மைக்காகக் கோயிலுக்கு மந்திரம் படிக்கப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். ஒரு நாள் அவள் நின்று, தோத்திரம் சொல்லக் கையைக் குவித்தாள். அல்போன்சா அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நாளைக்குக் கோயிலில் எங்கே உட்காருவது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன். பின்னால், தூணுக்குப் பக்கத்தில், பிள்ளை என்னைப் பார்த்துச் சங்கடப்படாத இடத்தில்.

இன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்குக் கதவைத் தட்டினாள் பிளாரன்ஸ். இடுப்பில் குடம், அதில் நல்ல தண்ணீர். அடுத்த கையில் ரோஸின் வெள்ளைச் சட்டையும் ஒரு வெண்முத்து டப்பாவும். மூடி திறந்த டப்பா, பாதி இருக்கிறது. குடத்தை இறக்கி வைத்தாள்.

"இத கம்பெனிக்காரன் எடுக்க மாட்டாம்லா மதினி. அதாம் குடுக்கல" என்றாள்.

"எப்ப ஏளா திறந்த?" என்றேன்.

"நீங்க குடுத்த அன்னைக்கே திறந்துட்டேன். பாதிய வீட்டுல போட்டேன், மீதிய ரோஸ் சட்டையத் தோய்க்க எடுத்து வச்சேன்." சட்டையை என் கையில் கொடுத்தாள். "அவிய கோவத்துல துணி எடுத்துட்டாவ. எனக்கு எதுத்துப் பேசத் தெரியல. ஒங்ககிட்டயும் அன்னைக்கு மாட்டேன்னு சொல்லத் தெரியல. இன்னைக்கு அவியகிட்ட சொல்லிட்டேன், எங்க மதினி தூக்குன பிள்ளைய வேற ஆளு கூட்டிட்டுப் போறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேம்னு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தச்சவன் கையழுக்கு அப்பிடியே இருக்கு. ஒங்க கையாலயே தோச்சிருங்க. நாளைக்கு நீங்கதாம் போட்டுவிடணும்" என்றாள்.

அவள் கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றித் துவைத்தேன். பிளாரன்ஸ் பக்கத்திலேயே இருந்தாள். நன்றாக நுரைத்தது. இப்போது சட்டை கொடியில் காய்கிறது. ஒரு காக்காயும் பக்கத்தில் வராதபடி அதற்குக் கீழேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் சார்ட்டில் என் கட்டத்தை அடித்துவிடுங்கள், மற்ற நாலு பேரையும் ஒவ்வொருத்தராகக் கேட்டு, வேண்டாம் என்கிறவர்களை விலக்கப் போகிறேன். உங்கள் ஆர்கனைசர் வேலையை நான்தான் கெடுத்தேன், அது எனக்குத் தெரியும். அதற்கு என்னால் ஈடு கட்ட முடியாது.

நாளைக்குப் பூசை முடிந்த பிறகு ரோஸ் ஞானத்தாய் வீட்டு ஆட்களிடம் போய்த் தோத்திரம் சொல்லி ஆசீர்வாதம் வாங்க வேண்டும். எனக்கு இங்கே வேறு ஆட்கள் யாரும் இல்லை. புதன்கிழமை முதல் பஸ்சில் அவளைக் கூட்டிக்கொண்டு நாசரேத்துக்கு வருகிறேன். சாரிடம் சொல்லி வையுங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்காதீர்கள், நாற்காலியிலேயே உட்கார்ந்திருங்கள். நாங்களே நடந்து வந்துவிடுகிறோம்.

உங்கள்
சௌந்தரி